செய்கூலி, சேதாரம், பிளாஸ்மான்

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. இயற்பியல் இருக்கு, புலம்பல் இருக்கு, கடைசியில ஒரு பாவமன்னிப்பும் இருக்கு. மொக்கை தேடி வந்தவங்க அப்படியே பக்கத்துக் கடைக்கு நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன சனிக்கிழமை, வாரம் முழுக்க ஆணி புடுங்கின களைப்புல மத்தியானம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். சித்தி பையன்கிட்ட இருந்து போன். எம்.டெக் படிக்கிறான், ரெண்டாம் வருஷம். "அண்ணே, என் ப்ராஜெக்ட் பிபிடி அனுப்பிருக்கேன், ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை ரிவியூ."

நான் பொட்டி தட்டறவன். ஆனா படிச்சது ஈசிஈ. குடும்பத்துல "எலெக்ட்ரானிக்ஸ்"னு ஒரு வார்த்தை வந்துட்டா, மிக்ஸி ரிப்பேர்ல இருந்து எம்.டெக் வரைக்கும் எல்லாம் என் தலையிலதான். சரின்னு தொறந்தேன்.

தலைப்பு: உலோக-டைஎலக்ட்ரிக் அடுக்கு வேவ்கைடுகளில் மேற்பரப்பு பிளாஸ்மான்கள். முதல் ஸ்லைடுல ஒளி வேகத்துல ஓடப்போற கம்ப்யூட்டர். ரெண்டாவதுல "சிலிக்கானின் முடிவு". மூணாவதுல "ஒளியை அதன் அலைநீளத்தை விடச் சிறிய இடத்தில் அடைக்கலாம்". அப்புறம் சிவப்பும் நீலமுமா மின்புலத்தோட படம், ரொம்ப அழகு. நாப்பத்திரண்டு ஸ்லைடு, கடைசியில நன்றி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தூரம் எங்கடா?"

"எந்தத் தூரம்ண்ணே?"

"இந்த ஒளி எவ்வளவு தூரம் போகும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "அது வேணாம்னுட்டாங்கண்ணே. மோடு படம் மட்டும் போட்டாப் போதுமாம்."

எனக்குச் சுர்ர்ருனு ஏறிடுச்சு. அந்தக் கோபத்துல பாதி அவங்க மேல. மீதிப் பாதி யார் மேலன்னு கடைசியில சொல்றேன்.

*

நகைக்கடைக்குப் போன அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். வாசல்ல கிராம் விலை எழுதிப் போட்டிருப்பாங்க. அதைப் பாத்து மனசுல ஒரு கணக்குப் போட்டு உள்ள போனா, பில்லு வேற மாதிரி வரும். செய்கூலி, சேதாரம். சேதாரம் எத்தனை சதவீதம்னு கேக்காம நகை வாங்கினா வீட்டுல நமக்கு என்ன பேர் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

தங்கத்துலயும் வெள்ளியிலயும் ஒளியை ஓட்டற வியாபாரமும் அச்சு அசல் அதேதான். "எவ்வளவு சின்ன இடத்துல அடைக்கலாம்" என்பது கிராம் விலை. "எவ்வளவு தூரத்துல செத்துப்போகும்" என்பது சேதாரம். முதல் நம்பரை மட்டும் போர்டுல எழுதிட்டு ரெண்டாவதை மறைக்கறதுக்குப் பேரு அறிவியல் இல்ல. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான். மத்ததெல்லாம் அதுக்கான கணக்கு.

முதல்ல பிளாஸ்மான்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். தெரிஞ்சவங்க அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாவிடுங்க.

உலோகத்துக்குள்ள எலெக்ட்ரான்கள் யாருக்கும் கட்டுப்படாம கூட்டமாத் திரியுது. அதுக்குப் பக்கத்துல கண்ணாடி, காத்து மாதிரி ஒரு மின்கடத்தாப் பொருள். ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கிற எல்லையில ஒளி ஒரு விநோதமான வேலை பண்ணும். எலெக்ட்ரான் கூட்டத்தை அலையா ஆட்டி வச்சுட்டு, தானும் அந்த ஆட்டத்தோடயே ஒட்டிக்கிட்டு எல்லையோரமாவே ஊர்ந்து போகும். பாதி ஒளி, பாதி எலெக்ட்ரான் ஓட்டம்னு ஒரு கலப்புப் பிறவி. இதுதான் மேற்பரப்பு பிளாஸ்மான். 1957ல ரிட்சி எழுதின கட்டுரையில இருந்து இந்தக் கதை தொடங்குது. அந்தக் கட்டுரையோட தலைப்பிலயே "இழப்பு"ங்கற வார்த்தை இருக்கு! (அவர் சொன்னது மெல்லிய தகடு வழியாப் பாயற வேக எலெக்ட்ரான்களோட ஆற்றல் இழப்பு. அது வேற கணக்கு. இருந்தாலும் ஜாதகத்துலயே எழுதியிருக்கு பாருங்க.) 1968ல ஆட்டோ ஒரு பக்கமும், கிரெட்ச்மன், ரேதர் இன்னொரு பக்கமும் ஒரு பட்டகத்தை வச்சு, சாதாரண ஒளியை இந்த அலையா மாத்தறது எப்படின்னு காட்டினாங்க.

இந்த அலை எல்லையில இருந்து தள்ளிப் போகப் போகத் தேஞ்சுடும். உலோகத்துக்குள்ள இருபது முப்பது நானோமீட்டர்தான் எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்க்கற இடத்துலதான் வினையே. உள்ள ஆடற எலெக்ட்ரான் எதுலயாவது மோதும். மோதினா ஆற்றல் சூடாயிடும். போனது போனதுதான்.

*

இப்ப அடுக்குக்கு வருவோம். ஒரு எல்லை இருந்தா ஒரு அலை. ரெண்டு எல்லையைக் கிட்டக்கிட்ட வச்சா, ரெண்டு அலையும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கும். ஒரே கயித்துல கட்டின ரெண்டு ஊஞ்சல் மாதிரி, சேர்ந்து ஆடறது ஒரு வகை, எதிரெதிரா ஆடறது ஒரு வகை. 1969லயே எகனாமோ இந்த மாதிரி மெல்லிய அடுக்குகளை வரிசையாக் கணக்குப் போட்டு வச்சுட்டார். அடுக்கறதுல முக்கியமா ரெண்டு விதம்.

முதல் விதம்: நடுவுல உலோகம், மேலயும் கீழயும் கண்ணாடி. நடுவுல இருக்கிற தகட்டை மெலிசாக்கிக்கிட்டே போனா, ஒரு வகை அலை உலோகத்தை விட்டு வெளியே தப்பிச்சு கண்ணாடியில பரவிடும். உலோகத்துக்குள்ள கொஞ்சம்தான் இருக்கிறதால சேதாரம் குறையும், தூரம் கூடும். 1981ல சாரிட் இதுக்கு நீண்டதூர அலைன்னே பேர் வச்சார். பிறகு கனடாவுல பெரினி மெல்லிய உலோகப் பட்டைகளை வச்சு இதை ஒரு துறையாவே வளர்த்தார்.

ரெண்டாவது விதம்: நடுவுல கண்ணாடி, ரெண்டு பக்கமும் உலோகம். இதுதான் போஸ்டர்ல வர்ற கதாநாயகன். நடுவுல இருக்கிற சந்து எவ்வளவு குறுகினாலும் ஒளி உள்ள நுழையும். "இதுக்குக் கீழ முடியாது"ங்கற எல்லையே அதோட அடிப்படை அலைக்குக் கிடையாது. ஐம்பது நானோமீட்டர், இருபது, பத்து, என்ன வேணா வைங்க. சாதாரண சிலிக்கான் வேவ்கைடால இது முடியவே முடியாது. பிரமிக்க வேண்டிய விஷயம்தான். நானும் பிரமிச்சவன்தான்.

இப்ப சேதாரத்தைப் பாக்கலாம். ஜான்சனும் கிறிஸ்டியும் 1972ல அளந்து வெளியிட்ட வெள்ளி, தங்கத்தோட ஒளியியல் எண்களைத்தான் இன்னிக்கும் பாதி உலகம் எடுத்துப் போடுது. நானும் அதையே எடுத்து, ஞாயித்துக்கிழமை காலையில காபி ஆறிப்போக, பைத்தான்ல போட்டுப் பாத்தேன். ஒளி, தொலைத்தொடர்புல ஓடற 1550 நானோமீட்டர். "தூரம்"னு நான் சொல்றது, ஒளியோட ஆற்றல் 37 சதவீதமாத் தேயற வரைக்கும் உள்ள தூரம்.

வெள்ளியும் காத்தும் மட்டும், ஒரே எல்லை: சுமார் 1 மில்லிமீட்டர். பரவாயில்லையேன்னு தோணும். ஆனா அந்த அலை காத்துக்குள்ள கிட்டத்தட்ட 3 மைக்ரான் வரைக்கும் பரந்து கிடக்கு. எங்க அடைச்சோம்?

வெள்ளித் தகடு 20 நானோமீட்டர், ரெண்டு பக்கமும் கண்ணாடி: ஒரு சென்டிமீட்டருக்கும் மேல. ஆஹான்னு துள்ளாதீங்க. அலையோட அகலம் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3 மைக்ரான், மொத்தமா 6. சிலிக்கான்ல போடற சாதாரண வேவ்கைடு அரை மைக்ரானுக்கும் கம்மி. சின்னதாக்கறேன்னு ஆரம்பிச்சு பத்து மடங்குக்கு மேல குண்டா வந்து நிக்கறோம். இவ்வளவு தளர்வாப் பிடிச்ச ஒளியைச் சட்டுனு வளைக்கவும் முடியாது. மூலையில திரும்பச் சொன்னா நேரா வெளிய போயிடும்.

வெள்ளிகளுக்கு நடுவுல 50 நானோமீட்டர் கண்ணாடிச் சந்து: சுமார் 20 மைக்ரான். அதே சந்துக்குத் தங்கம் போட்டா சுமார் 5 மைக்ரான்.

5 மைக்ரான்! நம்ம தலைமுடியோட தடிமன் இருக்கே, அதைத் தாண்டறதுக்குள்ள அம்பேல்.

இதையே நகைக்கடை பாஷையில, 5 சதவீத சேதாரம் எவ்வளவு தூரத்துல ஆகும்னு கேட்டா:

கண்ணாடி இழை: சுமார் 1 கிலோமீட்டர்.
சிலிக்கான் வேவ்கைடு: சுமார் 1 மில்லிமீட்டர்.
50 நானோமீட்டர் சந்து, வெள்ளி: சுமார் 1 மைக்ரான்.

கிலோமீட்டர், மில்லிமீட்டர், மைக்ரான். இந்த மூணு வரியை ஒரு ஸ்லைடுல போட எவ்வளவு இடம் ஆகும் சொல்லுங்க?

இன்னொரு கணக்கு. அந்த வெள்ளிச் சந்துக்குள்ள ஒரு மில்லிவாட் ஒளியை விடறீங்க. நொடிக்கு எட்டாயிரம் லட்சம் கோடி போட்டான்கள் சுமாரா உள்ள போகுது. ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா, வாரத்துக்கு ஒரு போட்டான் வரும். வாரத்துக்கு ஒண்ணு! நம்ம ஊர் தண்ணி லாரி பரவாயில்ல. சிப்போட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு ஒரு சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு கேக்காதீங்க, பிரபஞ்சத்தோட வயசு பத்தாது.

*

"சரி, நல்ல உலோகமாக் கண்டுபிடிச்சாப் போச்சு"ன்னு ஒரு எதிர்வாதம் உடனே வரும். சித்தி பையனும் இதையேதான் சொன்னான். "அண்ணே, இன்னும் சுத்தமான வெள்ளி, இன்னும் வழவழப்பா?"

சுத்தமும் வழவழப்பும் கொஞ்சம் உதவும், மறுக்கல. ஆனா வேர் வேற இடத்துல இருக்கு. 2015ல ஜேக்கப் குர்ஜின் நேச்சர் நானோடெக்னாலஜியில எழுதின கட்டுரை இதைப் போட்டு உடைச்சது. சாரத்தை நம்ம பாஷையில சொல்றேன்.

சாதாரணமா ஒளியில ஆற்றல் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் மாறி மாறிப் போயிட்டு வரும். ஊஞ்சல் உசரத்துக்கும் வேகத்துக்கும் மாறி மாறிப் போற மாதிரி. அலைநீளத்தை விட ரொம்பச் சின்ன இடத்துல ஒளியைத் திணிக்கத் திணிக்க, காந்தப்புலத்துக்கு அங்க இடம் பத்தாமப் போகும். அப்ப மின்புலத்துல இருக்கிற ஆற்றல் அடுத்த கால் சுற்றுல எங்க போய் உக்காரும்? எலெக்ட்ரான்களோட ஓட்டத்துலதான். வேற இடமே இல்ல. எலெக்ட்ரான் ஓடினா சில பத்து ஃபெம்டோ நொடிக்குள்ள மோதிடும். மோதினா சூடு.

அதாவது, உலோகம் இருக்கிறதாலதான் ஒளியை இவ்வளவு இறுக்கமாப் பிடிக்க முடியுது. எலெக்ட்ரான் ஓடறதாலதான் அந்த உலோகம் பிடிக்குது. அது ஓடறதாலதான் சேதாரமும். பிடியும் இழப்பும் ஒரே ஆளு, ரெண்டு வேஷம். "இழப்பு இல்லாத பிளாஸ்மான்"னு கேக்கறது, தண்ணியில நனையாம நீச்சல் கத்துக்கறேன்னு சொல்ற மாதிரி.

குளிர வச்சா? நேர்மின்சாரத்துல குளிரக் குளிர உலோகத்தோட தடை சரசரன்னு இறங்கும். ஒளியோட அதிர்வெண்ல அந்த ஜாலம் பெருசாப் பலிக்காது. அங்க எலெக்ட்ரான் ஒளியை விழுங்கும்போதே அணிக்கோப்புல ஒரு அதிர்வைக் கிளப்பிவிட்டுட முடியும். அதுக்கு ஏற்கனவே சூடு இருக்கணும்னு அவசியம் இல்ல.

வழியெல்லாம் பெருக்கி வச்சு ஏத்திக்கிட்டே போனா? 2010ல டி லியோனும் பெரினியும் அந்த நீண்டதூர அலையை உண்மையிலேயே பெருக்கிக் காட்டினாங்க. சாதனைதான். ஆனா கவனிங்க, அது சேதாரம் கம்மியா இருக்கிற குண்டு அலை. இறுக்கமான சந்துல இழப்பை ஈடுகட்ட எவ்வளவு சக்தி ஊத்தறோமோ அவ்வளவும் சிப்புக்குள்ள சூடாத்தான் வந்து சேரும், இரைச்சலும் கூடவே வரும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தானே ஒளிக்கே போனோம்?

கலப்பு வேவ்கைடு? 2008ல பெர்க்லியில ஓல்ட்டன், சார்ஜர், ஷாங் குழு நேச்சர் போட்டானிக்ஸ்ல எழுதினது. உலோகத்துக்கு மேல நூலிழை இடைவெளி விட்டு ஒரு குறைகடத்திக் கம்பியை வச்சு, ஒளியை அந்த இடைவெளியில தங்க வச்சாங்க. புத்திசாலித்தனமான வேலை. 40 முதல் 150 மைக்ரான் தூரம்னு கணக்கு. அந்தக் கட்டுரையோட சுருக்கத்துலயே அலையோட பரப்பளவையும் தூரத்தையும் பக்கத்துப் பக்கத்துல எழுதியிருக்காங்க.

இதுதான் என் வயித்தெரிச்சல். மூலக்கட்டுரை எழுதினவங்க ரெண்டு நம்பரையும் ஒரே வாக்கியத்துல வச்சாங்க. அது கை மாறி, செய்தியாகி, தமிழ்ல "ஒளிச் சிப் வந்தாச்சு"ன்னு கட்டுரையாகி, எம்.டெக் பிபிடி ஆகறதுக்குள்ள தூரம் மட்டும் எங்கயோ விழுந்துடுது. அகலம் பத்திரமா வந்து சேருது. இது எப்படிங்க தற்செயலா நடக்கும்?

*

"ஒளி வேகம்"ங்கற வார்த்தைக்கும் ஒரு குட்டு வைக்கணும். ஒளியில அனுப்பினா தகவல் ஒளி வேகத்துல போகும், மின்சாரம் மெதுவாப் போகும்னு நிறைய பேர் எழுதறாங்க. நான் மேல சொன்ன வெள்ளிச் சந்துல அலையோட வேகம் வெற்றிடத்துல ஒளி போற வேகத்துல பாதி சொச்சம்தான். சர்க்யூட் போர்டுல செம்புத் தடத்துல போற சிக்னலும் ஏறத்தாழ அதே பாதி வேகத்துலதான் போகுது. சிப்புக்குள்ள இருக்கிற மெல்லிசான செம்புக் கம்பியில தாமதம் வருதுன்னா, காரணம் அந்தக் கம்பியோட தடையும் மின்தேக்கமும். ஒளியோட உண்மையான பலம், ஒரே பாதையில நிறைய தகவலை, நிறைய தூரத்துக்கு, கம்மி சேதாரத்துல கொண்டு போறது. அந்தப் பலத்தைத்தான் உலோகச் சந்து முதல் அடியிலயே காவு வாங்குது.

நெஜத்துல கம்ப்யூட்டர் பக்கத்துல ஒளி வரலையான்னா, வந்துக்கிட்டு இருக்கு. 2025 மார்ச்சுல என்விடியா, ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்துலயே ஒளி இணைப்பை வைக்கிற சாதனங்களை அறிவிச்சுது. உள்ள இருக்கிறது சிலிக்கான்ல செஞ்ச மைக்ரோ வளைய மாடுலேட்டர். "சிலிக்கானின் முடிவு"ன்னு ஸ்லைடு போட்ட தம்பி கவனிக்க.

*

அப்ப பிளாஸ்மானே குப்பைன்னு சொல்றேனா? இல்லவே இல்ல. குப்பைன்னு நினைச்சிருந்தா ஞாயித்துக்கிழமையை இதுக்கு அழிச்சிருப்பேனா?

ஆட்டோவை எடுத்துக்கங்க. தெருமுனைக்குப் போக அதை அடிச்சுக்க ஆளில்ல. சந்து பொந்தெல்லாம் நுழையும். அதுலயே நாகர்கோவில்ல இருந்து மெட்ராஸ் போறேன்னு ஒருத்தன் கிளம்பினா தப்பு ஆட்டோ மேலயா?

தெருமுனை வேலைகளைப் பாருங்க. கண்ணாடி மேல சுமார் 50 நானோமீட்டர் தங்கம் பூசி, பட்டகம் வழியா ஒளி அடிச்சு, அந்தத் தங்கத்து மேல ஒரு புரதம் வந்து ஒட்டுதா இல்லையான்னு நொடிக்கு நொடி பாக்கற கருவி. 1990ல ஸ்வீடன்ல பயகோர் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தாங்க. மருந்து ஆராய்ச்சியில இன்னிக்கும் அன்றாடப் பொருள். அங்க அலை சில பத்து மைக்ரான் போனாப் போதும், ஆனா மேற்பரப்போட ஒட்டி உரசிக்கிட்டுப் போகணும். பிளாஸ்மானுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை.

ஹார்டு டிஸ்க். சீகேட் 2024ல அறிவிச்ச 30 டெராபைட்டுக்கு மேல போற டிஸ்க்குல, எழுதற முனையில ஒளியைப் பிளாஸ்மானாக்கி, சில பத்து நானோமீட்டர் புள்ளியில குவிச்சு, அந்த இடத்தைச் சூடாக்கி எழுதறாங்க. சூடுதான் இங்க வேலையே! சேதாரத்தையே சம்பளமாக்கிட்டான் பாருங்க, அவன் பொறியாளன்.

மாடுலேட்டர். ஸ்விட்சர்லாந்துல ஈடிஎச் சூரிக் குழு, 2015ல பத்து மைக்ரான் அளவுல ஒரு பிளாஸ்மான் மாடுலேட்டர் செஞ்சாங்க. 2019ல அதே வழியில 500 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போயிட்டாங்க. எப்படின்னா, ஒளி சிலிக்கான்ல வரும், சில மைக்ரானுக்கு மட்டும் உலோகச் சந்துக்குள்ள நுழையும், அங்க தகவலை வாங்கிக்கும், உடனே சிலிக்கானுக்குத் திரும்பி ஓடிடும். ரயில்ல வந்து, ஆட்டோ பிடிச்சு, வேலையை முடிச்சு, திரும்ப ரயில் ஏறிடறாங்க.

இந்த மூணுலயும் ஒரு ஒற்றுமை இருக்கு. மூணு பேருமே தூரத்தைத்தான் முதல்ல கேட்டிருக்காங்க. "பத்து மைக்ரான்தான் ஆயுசு. சரி, அதுக்குள்ள என்ன பண்ணலாம்?" இந்தக் கேள்வியில இருந்துதான் கருவி பொறக்குது. தூரத்தை மறைச்சவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது. மறைக்கறது அறமாங்கற வாதத்தைக் கூட ஓரமா வைங்க. மறைக்கறதால முதல்ல நஷ்டப்படறது மறைக்கறவன் மூளைதான்.

*

இப்ப பாவமன்னிப்பு. கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்திக்கங்க.

என் கடைசி வருஷ ப்ராஜெக்டும் இதேதான். எந்தக் காலேஜ்னு வேணாம். கண்ணாடிக்கு நடுவுல உலோகம், உலோகத்துக்கு நடுவுல கண்ணாடின்னு மாத்தி மாத்தி அடுக்கி, மூணு பேர் சேர்ந்து ராத்திரி பகலா சிமுலேஷன் ஓட்டினோம். மென்பொருள் ஒவ்வொரு அலைக்கும் ரெண்டு எண் தரும். மெய் எண் ஒண்ணு, கற்பனை எண் ஒண்ணு. அந்தக் கற்பனை எண்தான் சேதாரம். திரையில கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. ரிப்போர்ட்டுல மெய் எண்ணை மட்டும் அட்டவணையாப் போட்டோம். "இதைப் போட்டா கேள்வி வரும்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். அந்த ஒருத்தன் நான்.

வைவாவுல வெளியில இருந்து வந்த ஒரு வயசான சார், படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்லா இருக்குப்பா. எவ்வளவு தூரம் போகும்?" நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எனக்குப் பதில் தெரியும். "இன்னும் கணக்குப் போடல சார்"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பினார். நல்ல மார்க் வந்துச்சு. அந்தச் சிரிப்பு இன்னும் போகல.

அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா ஒருவேளை அன்னிக்கே உக்காந்து யோசிச்சிருப்பேன், பத்து மைக்ரானுக்குள்ள என்ன பண்ணலாம்னு. யாருக்குத் தெரியும், இன்னிக்குப் பொட்டி தட்டாம வேற எதையாவது தட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

அதனாலதான் தம்பியோட நாப்பத்திரண்டு ஸ்லைடைப் பாத்ததும் அப்படி ஏறிச்சு. அந்தக் கோபத்துல மீதிப் பாதி என் மேல.

சக பதிவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அறிவியல் எழுதறோம், நல்லது, இன்னும் நிறைய எழுதணும். ஆனா ஒரு கண்டுபிடிப்பைப் பத்தி எழுதும்போது கிராம் விலையோட சேதாரத்தையும் அதே பத்தியில எழுதுங்க. பிளாஸ்மான்னா மூணு நம்பர்: எந்த அலைநீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம். மூணுல ஒண்ணு கிடைக்கலைன்னா அந்தப் பதிவை டிராஃப்ட்லயே வச்சிருங்க. பேட்டரின்னா எத்தனை தடவ சார்ஜ் ஏத்தலாம், சோலார்னா எத்தனை வருஷம் தாங்கும். எல்லாத்துக்கும் ஒரு சேதாரம் இருக்கு. "வாசகருக்குப் புரியாது, போரடிக்கும்"னு சாக்கு சொல்லாதீங்க. நகைக்கடையில சதவீதம் போட்டுப் பேரம் பேசற ஊருங்க இது. நம்ம அம்மாக்களுக்குப் புரியற கணக்கு வாசகருக்குப் புரியாதா?

ஞாயித்துக்கிழமை ராத்திரி தம்பிகிட்ட பேசினேன். கிலோமீட்டர், மில்லிமீட்டர், மைக்ரான் கணக்கைச் சொன்னேன். ரொம்ப நேரம் கம்முனு இருந்துட்டுக் கேட்டான்: "அப்ப டாபிக்கையே மாத்திடவாண்ணே?"

"டாபிக்கை மாத்தாத. கேள்வியை மாத்து. நாப்பத்தி மூணாவது ஸ்லைடு ஒண்ணு போடு, தூரத்தைப் பெருசா எழுது. அதுக்குக் கீழ, இவ்வளவு தூரத்துக்குள்ள என்ன வேலை வாங்கலாம்னு எழுது."

"ரிவியூல திட்டினாங்கன்னா?"

"திட்டினா வாங்கிக்கடா. திட்டு வாங்காதவன் நிலைமை என்னன்னு உனக்குத் தெரியாது."

திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு வரி அனுப்பியிருந்தான். "போட்டுட்டேன்ண்ணே. ஒண்ணும் சொல்லல. அடுத்த ரிவியூவுக்குள்ள வெள்ளிக்கும் தங்கத்துக்கும் தனித்தனியா அட்டவணை கேட்டிருக்காங்க."

அட்டவணை. கற்பனை எண்ணோட.

பி.கு.1: இந்த நம்பரெல்லாம் தட்டையான அடுக்குக்கு, ரெண்டு பக்கமும் தடிமனான உலோகம்னு வச்சுப் போட்டது. ஆக்கச் சொல்லி, வளைவுன்னு வந்தா சேதாரம் கூடத்தான் செய்யும், குறையாது. கணக்குல தப்பு இருந்தாப் பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திடறேன்.

பி.கு.2: "எல்லாத்துலயும் குறை சொல்றதே உன் பொழப்பா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஆமாங்க. வாரநாள்ல அடுத்தவன் எழுதின புரோகிராம்ல குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே தர்றாங்க :-)